தகப்பனுக்கும் வேண்டும் விடுப்பு

சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கிறவனுக்குக் கூடவே கொஞ்சம் திமிரும் வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. நான் நகராட்சியில் இளநிலை உதவியாளர். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் சம்பளம் வரும். (வராத காய்ச்சலுக்கும் சில தடவை வந்திருக்கிறது.)

என் மனைவி எஸ்தரின் தம்பி தானியேல், புதுப்பட்டினத்தில் குடியிருக்கும் மத்திய அரசு ஊழியன். நாங்கள் சந்தித்தால் பேச்சு சலுகைகளில்தான் போய் நிற்கும். உனக்கு ஈட்டிய விடுப்பு எத்தனை, எனக்கு மருத்துவப்படி எவ்வளவு என்று, சாப்பாடு ஆறும் வரை ஒப்பிடுவோம். ஒருநாள் கேட்டுவிட்டான்.

"வூட்ல பிரசவம்னா எங்களுக்கு ஆம்பளைக்கும் லீவு கீது மாமா. ஒங்களுக்கு?"

எங்களுக்கு இல்லை. எஸ்தர் அப்போது நிறைமாதமாக அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் எதிரிலேயே தோற்றதுபோல் இருந்தது. செங்கல்பட்டில் நடக்கவிருந்த சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச நானாகவே பெயர் கொடுத்தேன்.

கூட்டத்தன்று காலையில் எஸ்தர் போன் செய்தாள்.

"இடுப்பு வலிக்கிற மாதிரி கீது. வர்றியா?"

"டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் கீதே. மீட்டிங் முடிச்சிகினு நேரா வந்துடறேன்."

போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பையில் போட்டேன். பேச்சின் நடுவில் மணி அடித்தால் மரியாதையாக இருக்காது பாருங்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பின்வரிசைகளில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வையே சண்டை போட்டு வாங்குகிறவர்கள். நான் மத்திய அரசு, மாநில அரசு, பக்கத்து மாநிலம் என்று வரிசையாக ஒப்பிட்டுப் பேசினேன். சூடு ஏறியது. "பிரசவ வலியில் மனைவி துடிக்கும்போது கணவன் எங்கே இருக்க வேண்டும்?" என்று முழங்கினேன். கைதட்டல்.

அந்தக் கைதட்டலுக்குள்ளேயே எங்கள் அலுவலக ஓட்டுநர் முருகன் மேடைக்கு ஓடி வந்து, தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எதிரில் மைக் இருந்தது.

"மாமா! எங்க கீற? எத்தினி வாட்டி அடிக்கிறது? அக்காவுக்குப் பொண்ணு பொறந்துட்சி!"

தானியேலின் குரல் மண்டபம் முழுவதும் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து கத்தினார்.

"போய்யா மொதல்ல! கொயந்தயப் பாக்காம பேசிகினு கீற!"

சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து எழுந்தன. நான் செருப்பைத் தேடாமலே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் தானியேல் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தான். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டதும் அவன், ரத்தம் கொடுத்ததும் அவன். அக்காவுக்கு ரத்தம் அதிகமாகப் போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னான்.

எஸ்தர் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். "வண்டியில வரும்போது ஒன்னத்தான் கூப்டுகினே வந்தேன்" என்றாள். நான் பேசவில்லை. அன்றைக்கு நிறையவே பேசியிருந்தேன்.

"இன்னிக்கு ஆபீஸ்ல விட மாட்டேன்னுட்டாங்களா?"

"இல்ல. லீவுதான்."

"லீவா? எதுக்குப் போட்ட?"

"கூட்டத்துல பேசறதுக்கு."

"இன்னா பேசன?"

சொன்னேன். பிரசவத்தின்போது புருஷன் பக்கத்தில் இருக்க விடுப்பு வேண்டும் என்று.

அவள் என்னையே பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது. உதடு துடித்தது. அழுகிறாள் என்று கையைப் பிடித்தேன்.

"வெளிய போய்யா" என்றாள் மூச்சு வாங்க. "சிரிச்சா தையல் இழுக்குது."

எங்கள் கோரிக்கை இன்னும் மனுவாகவேதான் இருக்கிறது. ஆனால் வீட்டில் என் பேச்சுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. உறவினர் கல்யாணங்களில் நான் வாழ்த்திப் பேச எழுந்தால், "யாருக்குனா வலி வந்துகீதான்னு பாத்துக்கோங்க" என்கிறார் மாமியார்.

மகளுக்கு இந்தக் கதை அரையும் குறையுமாகத்தான் புரிந்திருக்கிறது. பள்ளியில் டீச்சர் பிறந்த ஊரைக் கேட்டபோது எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்:

"நான் பொறந்தது மீட்டிங்ல மிஸ். எல்லாரும் கை தட்னாங்க. அம்மாவாலதான் வர முடியல."