பிராக்டிஸ் மாமாவின் நாலாவது ஆள்

கொழும்பில் கமரா வைத்திருக்கிற அத்தனை பேரும் ஒரு பக்கம், வெள்ளவத்தை பிராக்டிஸ் மாமா தனியாக ஒரு பக்கம். ஹார்பர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு, மகள் அனுப்பிய கமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கும் சின்னப் பார்க்குக்குப் போனார். சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் மட்டுமே வீட்டுக்கு வருவார். ஊஞ்சலை எடுப்பார், குப்பைத்தொட்டியை எடுப்பார், ஒரே காகத்தை ஒரு கிழமை முழுக்க எடுப்பார். நல்லாயிருக்கு என்றால், "சும்மா பிராக்டிஸ் தம்பி" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் அசையமாட்டார். மூன்று பேரைச் சேர்த்துப் படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் ஒருவருக்குக் கெடுதல் வரும். எங்கள் ஆட்கள் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. பொம்மையையோ பூச்சாடியையோ பக்கத்தில் வைத்துச் சமாளிப்பார்கள். மாமாவுக்கு உயிரோடு நாலாவது ஆள் வேண்டும். கடலைக்காரன், பொலிஸ்காரர், யாராவது பார்க்கில் அகப்பட்டால் சரி.

என் தங்கைக்கு லண்டன் சம்பந்தம் ஒன்று நன்றாகப் பொருந்தி வந்தது. பெடியனின் தாய், "ஸ்டூடியோப் படம் வேண்டாம், வீட்டாக்களோட சாதாரணமா நிக்கிற படம் அனுப்புங்கோ" என்றா. அப்பா, அம்மா, தங்கை மூவரையும் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெளிச்சம் திருப்புவதற்கு ஒரு வெள்ளை ரெஜிபோம் அட்டையை மாமா என் கையில் தந்தார்.

"மாமா, நாலாவதா நான் நிக்கட்டே?"

"அப்ப அட்டையை ஆர் பிடிக்கிறது? உன்ர அப்பனே?"

அந்த நேரம் பார்த்து உடற்பயிற்சிக்காகப் பார்க்கைச் சுற்றி ஓடுகிற ஒரு சிங்களப் பெடியன் வந்தான். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. "மல்லி, மெஹே எண்டகோ!" என்று மாமா சிங்களத்தில் அவனைக் கூப்பிட்டு, தங்கைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். படம் அப்படி ஒரு வடிவு. அந்தச் சந்தோஷத்தில் அம்மா உடனே அனுப்பிவிட்டா.

ஐந்து நிமிடத்தில் லண்டனிலிருந்து அம்மாவுக்குப் பெடியனின் தாயின் கோல்.

"பிள்ளைக்குப் பக்கத்தில நிக்கிறது ஆர்?"

"தெரியாதுங்கோ, பார்க்கில ஓடிக்கொண்டிருந்தவர்."

"உந்தக் கதையெல்லாம் எங்களுக்குச் சொல்லாதேங்கோ!"

போன் துண்டிக்கப்பட்டது. அம்மா அழுதா. தங்கை அறைக்கதவைச் சாத்தினாள். அவளுக்கு அந்த லண்டன் பெடியனை உண்மையாகவே பிடித்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கமராவைக் கடலில் எறிந்திருப்பேன்.

விஷயம் கேள்விப்பட்டு மாமா கட்டியிருந்த சாரத்தோடேயே ஓடிவந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "அந்த மனிசியின்ர நம்பரைத் தா" என்று மட்டும் சொன்னார். மூன்று பேரோடு நாலாவது ஆளை நிறுத்தி எடுத்த படங்களை எல்லாம் அனுப்பியிருக்கிறார். புதுத் தம்பதியும் குழந்தையும், நடுவில் விசிலோடு பொலிஸ்காரர். மூன்று கன்னியாஸ்திரிகள், பக்கத்தில் கடலைக்காரன். அம்மா, அப்பா, மகன், கூடவே ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு கிழவர்.

அடுத்த நாள் காலையில் பெடியனின் தாயின் கோல் வந்தது. "சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது! மூண்டு பேரா நிண்டு படமெடுக்க நானும் விடமாட்டன். நாள் பாப்பம்." அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே "அப்பாடா!" என்று கதிரையில் இருந்துவிட்டா. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

சொல்லுவதற்கு ஓடினேன். மாமா வாசற்படியில் இருந்தார். முதல்நாள் சாப்பாடு மூடியபடியே மேசையில் கிடந்தது.

"பிள்ளையின்ர காரியம் கெடேல்லையே?"

"இல்லை மாமா. சரிவந்திட்டுது."

சாரத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். வீட்டுக்குத் திரும்பிப் போய், அம்மா அவித்த சூட்டுப் புட்டை வாங்கிவந்து வைத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்பாமல் பக்கத்திலேயே இருந்தேன். சொந்த மாமா ஒருவருக்கும் நான் அப்படி இருந்ததில்லை.