வீடு ஆடிய காரணம்

"அத்தைகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இன்னா?"

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அவங்களுக்கு எம்மேல கோபம் இல்லாத நாளாப் பாத்துக் கேக்கறேன்."

ஜானகி அப்படிச் சொன்ன நாளிலிருந்து தம்மபாலனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பெங்களூரில் சட்டம் படிக்க நுழைவுத் தேர்வு எழுதப்போகிறான். வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டிய தேர்வு. ஆறு மாதமாகத் தினமும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் அவன் லைன் வீட்டுக்கு வந்து, கேள்வி கேட்டுப் பழக்குகிறவள் ஜானகி. ஒரு பெண் தினமும் வருகிறாள் என்றால் வேறென்ன அர்த்தம்? கல்யாணப் பேச்சுதான்.

தடை, அம்மா நாகம்மா.

"அவ கால் வெச்சா ஊடு ஆடுதுடா. அலமாரித் தட்டெல்லாம் கலகலங்குது."

"ஷிப்ட் சங்கு ஊதினதும் சுரங்கத்துல வெடி வெக்கிறாங்கம்மா. அவளும் அந்தச் சங்கு கேட்டுத்தான் கெளம்பி வர்றா. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா, ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆயிடுமா? அதான் ஓட்டை."

"அப்போ வேற நேரத்துல வரட்டும்."

மறுநாள் ஜானகி காலையில் வந்தாள். அவள் படியேறவும், பூமிக்கடியில் பாறை தானாக வெடிக்கவும் சரியாக இருந்தது. எப்போதாவது வரும் ஏர்பிளாஸ்ட். அலமாரியே கவிழ்ந்தது. பித்தளைச் சொம்பு உருண்டுபோய் ஜானகியின் காலடியில் நின்றது.

"இன்னா சொல்றீங்க வக்கீலய்யா?" என்றாள் நாகம்மா.

"அவ வராத நாள்லயும் ஆடும், பாரு."

ஜானகியை வரவேண்டாம் என்று சொல்லி, அம்மாவை அலமாரிக்கு எதிரில் உட்காரவைத்தான். ஒரு கரண்டிகூட அசையவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, வெடி கிடையாது. வேலைக்குப் போகாதவனுக்குக் கிழமை எங்கே தெரிகிறது?

"இனிமே அவ இந்தப் பக்கம் வரக்கூடாது. அவங்கப்பன்கிட்டயே சொல்லிட்டு வரேன்."

திங்கட்கிழமை சங்கு ஊதும் நேரத்துக்கு பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸ் லைனில் இருக்கும் ஜானகி வீட்டுக்குப் புறப்பட்டாள் நாகம்மா. திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஜானகிதான் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"நான் படியேறினதும் அவங்க ஊட்டுத் தட்டும் ஆடுதுடா. அவங்கம்மா என்னை ஏற எறங்கப் பாத்தா." நாகம்மா தண்ணீர் குடித்தாள். "நீ சொன்ன ஓட்டை சரிதான். ஜானகி, உம்மேல கோபமில்ல கண்ணு. ஏதோ கேக்கணும்னியாமே, கேளு."

தம்மபாலன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

ஜானகி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எங்கப்பா உங்களத்தான் அக்கான்னு மதிக்கிறாரு அத்தே, நீங்க அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அந்த வக்கீல் பரீட்சைய நானும் எழுதணும். அதுக்குத்தானே ஆறு மாசமா இவர வெச்சுப் பழகிக்கிட்டிருக்கேன்."