வேனில் எரிந்த மஞ்சள் விளக்கு

"அக்கா, அந்த லைட்டு ஏன் உங்களையே பார்த்துக்கிட்டிருக்கு?"

முன் சீட்டில் வரும் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருநாள் இப்படிக் கேட்ட பிறகுதான், ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த வேன் அக்கா குனிந்து பார்த்தாள். ஸ்பீடோமீட்டருக்குக் கீழே எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதுவரை ஒருநாளும் எரிந்ததில்லை.

வண்டிக்கு வயது அதிகம். சனிக்கிழமை தகுதிச் சோதனை. தேறாவிட்டால் பள்ளிக்கூடம் பதினான்கு பிள்ளைகளையும் வேறு வண்டியில் ஏற்றிவிடும். வேன் அக்காவுக்கு அதைவிட்டால் பிழைப்பில்லை.

வண்டியை மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனாள். அவர் எந்த வண்டியையும் முதலில் திட்டிவிட்டுத்தான் திறப்பார். திட்டு விழுந்தால் பாதிக் கோளாறு தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். "தெரியலை" என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது.

"ஏய் கிழட்டுக் கழுதை, இந்த வயசுல கண்ணடிக்கிறியா?" என்று பானட்டைத் தூக்கினார். "பிளக்குல கரி, தங்கச்சி. துடைச்சுட்டேன். போய் ஓட்டிப் பாரு."

தெருமுனை திரும்புவதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள்.

"அண்ணே, முன்னைவிடப் பளிச்சுன்னு எரியுது!"

"பின்னே? துடைச்சிருக்கோம்ல."

அடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஏதோ ஒரு ஒயரைப் பிடுங்கினார். அதன் பிறகு பிரேக்கை மிதித்தால் ஹார்ன் அடித்தது. சாவியை எடுத்த பின்னும் விளக்கு எரிந்தது.

"இரு, அடிமடியிலேயே கை வைக்கிறேன்" என்று பாட்டரியையே கழற்றிவிட்டார். ஹார்ன் செத்தது, ஹெட்லைட் செத்தது, இண்டிகேட்டர் செத்தது. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது.

"அண்ணே, பாட்டரி உங்க கையிலதானே இருக்கு?"

"ம்."

"அப்ப அது எதுல எரியுது?"

அண்ணன் பாட்டரியைக் கீழே வைத்தார். "மிச்ச கரண்ட்டு. குழாயை மூடினாலும் நாலு சொட்டு விழாதா?"

மறுநாள் காலையிலும் அந்தச் சொட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒயரையும் பாட்டரியையும் பழையபடி மாட்டிவிட்டு, கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தார். அதன் ஒயரை வண்டியில் எங்கே செருகுவது என்று ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து அரைமணி நேரம் தேடினார்.

"செருகுற வாயை எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான் கம்பெனிக்காரன். திருட்டுப் பய..."

பேச்சு பாதியில் நின்றது.

"தங்கச்சி, நீ ஏதாவது சொன்னியா?"

"இல்லையே அண்ணே."

"என் காதுகிட்ட?"

"நான் வாசல்ல நிக்கிறேன்."

அவர் வெளியே வந்த வேகத்தில் தலை கதவில் இடித்தது. தடவிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கறுப்பு டேப்பை எடுத்து வந்து, விளக்கின் மேல் நான்கு அடுக்கு ஒட்டினார். கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் இமைக்குள் தெரியுமே, அதுபோல வெளிச்சம் உள்ளே நின்றது.

"நாளைக்கு நீங்களும் வந்துடுங்க அண்ணே. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"உன்னைத் தனியா விட்டுடுவேனா? எனக்கென்ன பயமா?" என்றார். சனிக்கிழமை காலையில், கடைசி சீட்டில் கதவோரமாக, கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி வந்தார்.

சோதனை அதிகாரி பிரேக் பார்த்தார், ஹார்ன் அடித்தார், டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இது என்ன டேப்பு?"

"சும்மா, கீறல் சார்" என்றார் அண்ணன், எதிர்ப்பக்க ஜன்னலில் தலையை நீட்டி.

வேன் அக்காவுக்குப் பொய் வராது. "எஞ்சின் லைட்டு சார். என்ன செஞ்சாலும் அணைய மாட்டேங்குது. பிள்ளைங்க வண்டி சார், பார்த்துச் செய்யுங்க."

அதிகாரி டேப்பை உரித்தார். பெருவிரலால் அந்த இடத்தைத் தேய்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே 'தகுதி' என்று முத்திரை குத்தி, தாளை அவளிடம் நீட்டினார்.

"யாரும்மா உங்களை இப்படி ஏமாத்தினது? இந்த மாடல்ல எஞ்சின் லைட்டே கிடையாது. பாருங்க, வெறும் பிளாஸ்டிக். ஒரு ஓட்டைகூட இல்ல."

வேன் அக்கா அண்ணனைப் பார்த்தாள். அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் முழுக்க மஞ்சள் வெளிச்சம் விழுந்திருந்தது.

மெல்ல ஜன்னலிலிருந்து தலையை எடுத்தார். கம்ப்யூட்டர் பெட்டியைக்கூட எடுக்காமல், வீடு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் நினைக்காமல், சாலையோரமாக நடந்தே போய்விட்டார்.