நான்கு பேச்சும் ஒரு வீடியோவும்

நாற்பது ஆண்டுத் தொழிற்சங்க வாழ்வில் பதினொரு முதலாளிகளைப் பணிய வைத்தவன் நான். வீட்டு வைஃபையையா பணிய வைக்க முடியாது?

எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் நுழையாது. பேச்சும் வைஃபையில்தான் போக வேண்டும். அதுவோ ஒல்லிப்பிச்சான் இணைப்பு. மனைவி சீரியலைத் திறந்தால் என் குரல் தேய்ந்துவிடும். "போராடுவோம்" என்பேன். தோழருக்கு "போ" மட்டும் போய்ச் சேரும். ஒருவர் கோபித்துக்கொண்டு போயே விட்டார்.

பொறுத்தது போதும். ரவுட்டரில் சட்டம் கொண்டு வந்தேன். அதைத் துண்டறிக்கையாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒரே நேரத்தில் நான்கு பேச்சுக்கு இடம்; இணைப்பு தாங்குவதே அவ்வளவுதான். பேச்சுக்கே முதலிடம். பேச்சு போக மிஞ்சியது சீரியல், வீடியோ போன்ற டேட்டாவுக்கு. பேசுபவரை இடையில் துண்டிப்பது அடக்குமுறை.

"யார் பேசினாலும் முதலிடமா?" என்றாள் மனைவி.

"யாரா இருந்தாலும். இது ஜனநாயகம்."

"அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"ரவுட்டர் பாஸ்வேர்டை நீயே மாத்தி வெச்சுக்க!"

ஞாயிற்றுக்கிழமை ஓய்வூதியர் சங்கத் தலைவர் தேர்தல். வேட்பாளரின் உரை ஆறு மணிக்குள் வீடியோவாகப் போய்ச் சேராவிட்டால் பெயர் நீக்கம். அந்த விதியும் நான் எழுதியதுதான். ஐந்து மணிக்குக் கணினியிலிருந்து அனுப்பினேன். மூன்று சதவீதத்தில் நின்றது.

சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு மேடையில் நான்கு போன்கள். மனைவியுடையது, மகனுடையது, மருமகளுடையது, என்னுடையது. ஒவ்வொன்றிலும் அவளுடைய ஒரு தங்கை.

"கொஞ்சம் வைம்மா. என் வீடியோ போகல."

"வீடியோ டேட்டாங்க. வரிசையில நிக்கட்டும்."

"ஒரே ஒரு போனையாவது வை!"

"துண்டிச்சா அடக்குமுறை. ஃபிரிட்ஜைப் பாருங்க."

மூன்றாவது போன் சொன்னது: "அத்தான், சட்டம்னா இப்படித்தான் இருக்கணும்!"

பதினொரு முதலாளிகளில் ஒருவன்கூட என் துண்டறிக்கையை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

"பாஸ்வேர்டைச் சொல்லு."

"சொல்றேன். ஆறு அஞ்சுக்கு."

"ஏம்மா இந்த வன்மம்?"

"போன தடவை தலைவரானீங்க. மூணு வருஷம் வீட்டுல ஒரு பல்பு மாத்தினீங்களா? உங்களுக்குக் குரல் கொடுக்க சங்கம் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

"அதானே!" என்றன நான்கு போன்களும்.

ஆறு மணிக்கு என் பெயர் நீங்கியது. நான் சளைக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து உண்ணாவிரதம் அறிவித்தேன்.

மனைவி போன்களின் பக்கம் குனிந்தாள். "அப்பாடா, ராத்திரிச் சமையல் மிச்சம். யாரும் வெச்சுடாதீங்கடி, இன்னும் பேசலாம்."