காணாமல் போன ஒன்றே முக்கால் கோடி வாஷர்கள்

கேள்வி கேட்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் சந்தேகப்படுகிறவர்கள் என்பது என் கருத்து. கருத்து என்ன, வாக்குமூலம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அம்மாவின் படிப்பை இடப்பெயர்வு தின்றது. அதனால் ஜெர்மனியில், எசன் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களை எல்லாம் எட்டு வயதிலிருந்தே நான்தான் வாசித்தேன். வாடகையோ காப்புறுதியோ வரியோ, எதுவென்றாலும் "துஷியைக் கேளுங்கோ" என்பார்கள். எல்லோரும் கேட்கிற ஆளாக வளர்ந்தால் ஒரு கெடுதல் உண்டு. நாம் யாரையும் கேட்கப் பழகுவதில்லை. புரியாத ஒன்று எதிரே வந்தால் "எனக்குத் தெரியவில்லை" என்று எனக்குத் தோன்றாது. "இதில் ஏதோ களவு இருக்கிறது" என்றுதான் தோன்றும். (சிறிய எழுத்தில் அச்சடித்து ஒரு காப்புறுதிக்காரன் எங்களை ஒருமுறை ஏமாற்றியும் இருக்கிறான். ஆகவே கொஞ்சம் நியாயம் உண்டு. கொஞ்சம்தான்.)

இருபத்தொரு வயதில், நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் அவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தேன். அதாவது வாரத்தில் இரண்டு நாள் படிப்பு, மூன்று நாள் அலுவலக வேலை. நட்டுக்கும் போல்டுக்கும் நடுவில் போடுகிற வாஷர் வளையங்களைச் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே இடம் இருப்பதை அப்பாவுக்குச் சொன்னவர், அதே இடத்தில் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த ரவி அண்ணை. கோயில் நிர்வாக சபை உறுப்பினர். திருநீறு பூசாமல் ஃபோர்க்லிஃப்டில் ஏறமாட்டார்.

படிப்பு முடிய இரண்டரை மாதம் இருந்தது. முடிந்தபின் என்னை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்பதை மேலாளர் ஃபிராவ் பெக்கர், அதாவது பெக்கர் அம்மையார்தான் தீர்மானிப்பார். ஆனால் அப்பா அதற்குள், "பிள்ளை ஒஃபிசிலை நிரந்தரம்" என்று எசன் முழுக்க அறிவித்து முடித்திருந்தார்.

அந்த அலுவலகத்தில் எண்கள் என்னைப் பயமுறுத்தவில்லை. எண்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்ற எழுத்துகள்தான் பயமுறுத்தின. வாஷரை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. எல்லாம் ஆயிரக் கணக்கு. பூச்சியம் போடச் சோம்பல்பட்டு ஓர் எழுத்தைப் போட்டுவிடுவார்கள். கிடங்கில் T, விற்பனைப் பிரிவில் Tsd., கணக்குப் பிரிவில் k. மூன்றும் ஆயிரம்தானாம். நூறு கோடியை ஜெர்மன்காரர் மில்லியார்டே என்பார், அமெரிக்கர் பில்லியன் என்பார். ஜெர்மன்காரருக்கோ பில்லியன் என்றால் லட்சம் கோடி. (நாங்கள் லட்சம், கோடி என்று நிம்மதியாக இருந்த சனம்.) இதெல்லாம் யாரோ எதையோ மறைப்பதற்குச் செய்த ஏற்பாடு என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு நாள் இரண்டு தாள்கள் என் மேசையில் அருகருகே கிடந்தன. ஒன்று, அமெரிக்காவிலிருந்த தலைமை நிறுவனத்துக்குப் போகும் உற்பத்தி அறிக்கை. அதில், செய்தது 18 M. மற்றது, கிடங்கின் வரவுத் தாள். அதில், வந்தது 18 T. T என்றால் ஆயிரம். M என்றால் மில்லியன், அது யாருக்குத்தான் தெரியாது? கழித்துப் பார்த்தேன். ஒரு கோடியே எழுபத்தொன்பது லட்சத்து எண்பத்தீராயிரம் வாஷர்களைக் காணவில்லை!

இயந்திரக் கூடத்துக்கும் கிடங்குக்கும் நடுவே நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடியில் ஓடுவது ஒரே ஒரு வாகனம். அதை ஓட்டுபவர் ரவி அண்ணை. வரவுத் தாளின் அடியிலும் அவருடைய கையெழுத்துத்தான்.

வேறு யாராவது என்றால் பக்கத்து மேசையில் கேட்டிருப்பார்கள். நான் துப்பு எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கினேன்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் மட்டும் மெல்லச் சொன்னேன்.

"ரவியோ? எங்களுக்கு இடம் சொன்ன மனுசனடி!" அம்மா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "உந்த எழுத்துக்கு என்ன அர்த்தமெண்டு ஆரிட்டையாவது கேட்டனியோ?"

"நான் ஏன் கேக்க வேணும்? நான் படிச்சனான்."

அம்மா வைத்த சோற்றை மறுபடி கையில் எடுத்தார். படித்த பிள்ளையிடம் என்ன பேசுவது?

வெள்ளிக்கிழமைகளில்தான் விஷயம் முற்றியது. மாலை நான்கு மணிக்கு மாரெக் என்ற போலந்து லொறிச் சாரதி வருவார். சரக்கு ஏறியதும் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புப் பையை எடுத்து ரவி அண்ணையிடம் நீட்டுவார். அண்ணை இரண்டு பக்கமும் பார்ப்பார். பிறகு தோள் ஒரு பக்கம் சரியச் சரிய அதைத் தூக்கிக்கொண்டு தன் காருக்குப் போவார். வெறும் பை அப்படிச் சரியாது. நான் கிடங்குக் கதவின் பின்னால் நின்று எழுதினேன்: "வெள்ளி, 4.05. பாரமான பை. கண்களில் கள்ளம்."

நான்காவது வாரம் அவர் என்னைக் கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை, இந்தப் பக்கம் அடிக்கடி வாறீர்?"

"சும்மா, அண்ணை."

"சும்மா வாற ஆள் ஏன் கொப்பியோடை வாறீர்?"

"படிப்புக்கு, அண்ணை."

"ஓம் ஓம், நல்லாப் படியும்" என்று பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைத்தார்! அதையும் எழுதினேன்.

ஒன்பதாவது வெள்ளிக்கிழமை, மூன்றே முக்காலுக்கு, ஃபிராவ் பெக்கரின் அறைக்குள் போனேன். இரண்டு தாள்களையும் விரித்தேன். கொப்பியைத் திறந்தேன். களவைப் பிடித்த பிள்ளையை யார் வேலையிலிருந்து அனுப்புவார்கள்? அவர் கண்ணாடியைக் கழற்றி, தாள்களைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி தாள்களைப் பார்த்து, "வாருங்கள், கீழே போவோம்" என்றார்.

அண்ணை அப்போதுதான் காரின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கி, பையில் என்ன என்று ஃபிராவ் பெக்கர் கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. (பிடிபட்டான், என்று என் உள்ளம் துள்ளியது. இன்றைக்கும் அந்த உள்ளத்தை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.) பிறகு பையை விரித்தார்.

உள்ளே ஒரு முழு ஆட்டுத்தொடை. மாரெக்கின் மச்சான் ஊரில் ஆடு வளர்க்கிறாராம்.

ஃபிராவ் பெக்கர் எங்களைப் பையோடு கிடங்குக்குள் கூட்டிப்போய், தராசில் ஒரு வாஷரை வைத்தார். இரண்டு கிராம். கைபேசியில் பெருக்கினார்.

"நீங்கள் சொல்லும் வாஷர்களின் எடை முப்பத்தாறு தொன். ஒன்பது வெள்ளிக்கிழமை என்றால், ஒரு பைக்கு நான்கு தொன். இவர் அதை ஒற்றைக் கையில் தூக்கிப் போனார், அப்படித்தானே?"

நான் கொப்பியை மூடினேன். அவர் தாள்களை எடுத்து M என்ற எழுத்தில் விரலை வைத்தார்.

"எங்கள் அமெரிக்கத் தலைமையகத்தின் தாள்களில் M என்றால் ஆயிரம். மிகப் பழைய வழக்கம். மில்லியன் என்றால் இரண்டு M போடுவார்கள். முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்."

அவர் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை பேசலாம் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். நிரந்தர வேலை அவருடைய செருப்போடு சேர்ந்து படியேறிப் போகும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் அழத் தொடங்கினேன். அண்ணை பையை அவசர அவசரமாகக் கட்டினார்.

"கள்ளனெண்டு சொன்னது கூடப் பரவாயில்லைப் பிள்ளை" என்றார், குரலைத் தாழ்த்தி. "வெள்ளிக்கிழமையிலை இறைச்சி வாங்கினதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும். என்ரை மனுசி மலருக்குத் தெரிஞ்சால் வீட்டுக்குள்ளை விடமாட்டா. சனிக்கிழமை வாங்கினதெண்டுதான் இவ்வளவு நாளும் சொன்னனான். வெள்ளி இரவு கார் விடுற கராச்சுக்குள்ளை ஒளிச்சு வைக்கிறனான்."

திங்கட்கிழமை ஃபிராவ் பெக்கர் ஒப்பந்தத்தை நீட்டினார். ஆறு மாதத்துக்கு மட்டும். "அவர் உங்களுக்காகப் பேசினார்" என்றார். யார் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா, அம்மா, நான் மூவரும் பழத்தட்டோடு அண்ணை வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனோம். என் நேர்மையை நிரூபிக்க, அவரே கிழித்துப் போடட்டும் என்று கொப்பியையும் கொண்டுபோனேன். நீட்டினேன். இடையில் நீண்டது அவருடைய மனைவி மலர் அக்காவின் கை.

"இஞ்சை தாரும் பிள்ளை. என்ரை மனுசனைக் கள்ளனெண்டு எழுதின கொப்பியை நான்தான் கிழிக்க வேணும்."

கிழிக்குமுன் வாசித்தார். ஒன்பது வெள்ளிக்கிழமைகள், தேதியோடும் நேரத்தோடும். கடைசிப் பக்கத்தில் என் அழகான கையெழுத்தில்: "முடிவு: ஆட்டுத்தொடை." (முடிவை எழுதாமல் விடுவது படித்தவளுக்கு அழகா?)

"ஒன்பது வெள்ளியோ?" என்றார் மலர் அக்கா.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. அடுத்த ஒன்பது வெள்ளிக்கிழமையும் கோயில் அன்னதானப் பாத்திரங்களை நிர்வாக சபை உறுப்பினரே கழுவினார். துணைக்குப் பக்கத்தில் நின்று நானும் கழுவினேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு கிடாரத்தையும் என்னிடம் தரும்போது, "எத்தினை தொன் பிள்ளை?" என்று கேட்கத் தவறவுமில்லை.

நான் இப்போது அங்கே நிரந்தரம். புதிய எழுத்து எதைக் கண்டாலும் எழுந்துபோய்க் கேட்டுவிடுகிறேன். அதனால் ஒரு பயனும் இல்லை. எசனில் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை ஒரு தமிழ் வீட்டுக்குள் நான் கால் வைத்தால், "துஷி வாறாள்!" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அடுத்த நொடி யாரோ ஒருவர் முதுகைக் கொடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சாய்ந்து நிற்பார்.