ரிஜெக்ட் அண்ணன் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர்

இந்த ஓசூரில் ரிஜெக்ட் அண்ணனிடம் பாஸ் வாங்கிய வஸ்து ஒன்றே ஒன்றுதான். அது நான் இல்லை.

எங்கள் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சரியான பாகத்துக்குப் பச்சை வட்ட ஸ்டிக்கர், தவறானதுக்குச் சிவப்பு. சிவப்பு கட்டுக்கட்டாகத் தீரும். பச்சை உறையைப் பிரித்ததே இல்லை. கம்பெனியை மூடியதே அதனால்தானோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

மூக்கண்டப்பள்ளியில் நான் பக்கத்து வீடு. என் கல்யாணக் கோட்டைக் காட்டியபோது தையலை விட்டுவிட்டு என்னையே மேலும் கீழும் பார்த்தார்.

"கோட்டை ரீவொர்க் பண்ணிக்கலாம் தம்பி. உள்ள இருக்கிற மெட்டீரியலை ஒண்ணும் பண்ண முடியாது."

கம்பெனிச் சாமான்களை ஏலம் விட்ட அன்று எல்லாரும் மின்விசிறியும் மேஜையும் தூக்க, இவர் ரிசப்ஷனில் தொங்கிய நவீன ஓவியத்தைத் தூக்கி வந்தார். கறுப்பில் நாலு கீறல், நடுவில் ஆரஞ்சுக் குழப்பம். ராயக்கோட்டை ரோட்டில் கவிழ்ந்த தக்காளி லாரி என்றேன் நான்.

"எங்க மாமியாரோட கோவம்" என்றார் அவர் மனைவி சரோஜாக்கா.

அண்ணன் மட்டும் அடியில் ஓவியர் கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த 47/100ஐயே பார்த்தார். "நூறு பீஸு லாட்டு. இது நாப்பத்தேழாவது. மத்ததெல்லாம் எங்க?"

"எங்கியாவது மாட்டியிருப்பாங்கண்ணா."

"ரிஜெக்ட் ஆயிருக்கும்."

சட்டத்தைப் பிரித்து, காகிதத்தின் மூலையிலேயே பச்சை ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினார். எதை வைத்து பாஸ் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அளவு போட்ட டிராயிங்கே இல்லாத பீஸு தம்பி. எங்க தப்புன்னு எவனும் காட்ட முடியாது."

பிறகு அண்ணனின் நுரையீரல் மக்கர் செய்தது. இத்தனை வருஷம் கிரைண்டிங் தூசியைத் தின்ற நுரையீரல். வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. வால்வு கசிகிறது என்று அதற்கும் சிவப்பு ஒட்டினார். நிஜமாகவே கசிந்தது.

சரோஜாக்கா என்னிடம் வந்தார். "அந்தப் படத்தை வித்துக் குடு தம்பி. ரெண்டு சிலிண்டருக்காவது ஆவும்."

படத்தைப் போர்வையில் சுற்றி பெங்களூருக்கு பஸ் ஏறினேன். கேலரி அம்மாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"கையெழுத்து அசல்தான். நூறே நூறு பிரிண்ட் போட்டது, நல்ல விலை போயிருக்கும். இந்த ஸ்டிக்கரை எடுத்தா பேப்பர் கிழியும். இருந்தா யாரும் வாங்க மாட்டாங்க."

"மேடம், படம் நூறு இருக்கு. இவர் ஒட்டின பச்சை உலகத்துலயே ஒண்ணுதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணன் மாஸ்க்கை விலக்கினார். "பாஸா, ஃபெயிலா?"

"படம் பாஸுண்ணா. ஸ்டிக்கர்தான் ரிஜெக்ட்."

சரோஜாக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

"சர்வீஸ்ல ஒட்டினதே ஒரு பச்சை. அதுக்கும் கஸ்டமர் கம்ப்ளெயிண்ட்."

அந்த மாதக் கடைசியைக்கூட அவர் பாஸ் செய்யவில்லை.

காரியம் முடிந்து உத்தனப்பள்ளிக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது சரோஜாக்கா படத்தை என் கையில் கொடுத்தார். "என்னால பாக்க முடியல தம்பி. நீயே வெச்சுக்க."

இப்போது எங்கள் ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்கள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் புரியல. அந்த மூலைப் பச்சை மட்டும் நல்லா இருக்கு" என்கிறார்கள்.

எனக்கும் அது மட்டும்தான் புரிகிறது.