இடப்பக்கம் சாயும் எஞ்சின்

"இன்னும் அஞ்சு டன் இடப்பக்கம் ஜாஸ்தியா இருக்கு" என்று ஃபோர்மன் கிரம்ப் எடை மேடையின் முள்ளைப் பார்த்துச் சொன்னபோது, பெர்சி டகெட் எஞ்சினின் வயிற்றுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

அது சாதாரண எஞ்சின் இல்லை. போர் முடிந்து நாலு வருஷம் கழித்து, தெற்கு இங்கிலாந்தில் இந்தப் பட்டறை செய்து பார்த்த சோதனை எஞ்சின். ஆறாறு சக்கரங்கள் வைத்த இரண்டு வண்டிகள்மேல் ஒரே நீள உடம்பு. வளைவு வந்தால் கீழ்வண்டிகள் மட்டும் தனித்தனியே திரும்பிக்கொள்ளும். டிரைவருக்கு இரு முனையிலும் ஜன்னல் வைத்த அறை. கரி அள்ளிப் போடும் பெர்சிக்கு நட்டநடுவில், ஜன்னலே இல்லாத ஒரு இரும்புப் பெட்டி.

பாய்லரை இடப்பக்கம் ஒதுக்கி, வலப்பக்கம் ஆள் நடக்க ஒரு சந்து விட்டிருந்தார்கள். வந்த வினை அதுதான். மற்ற எஞ்சின்களுக்கு மொத்த எடை தெரிந்தால் போதும். இது கோணல் எஞ்சின் என்பதால் எடை மேடையின் இடது முள், வலது முள் இரண்டையும் முதல்முறையாகத் தனித்தனியே பார்த்தார்கள். பார்த்த நாளிலிருந்து நிம்மதி போயிற்று.

"என் கணக்குப்படி ரெண்டு பக்கமும் சமம்தான்" என்றார் எஞ்சினை வடிவமைத்த பெல்லாமி. மெலிந்த மனிதர். சத்தமாகப் பேசத் தெரியாதவர். "பாய்லர் அந்தப் பக்கம் போனதுக்கு ஈடா தண்ணித் தொட்டி, கரித் தொட்டி எல்லாத்தையும் இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கேன்."

"கணக்கு சமம்னு சொல்லுது, முள்ளு இல்லேங்குது சார். நான் முள்ளைத்தான் நம்புவேன்." கிரம்ப் சுவரைக் காட்டினார். எடை மேடை பழுதில்லாதது என்ற அத்தாட்சிப் பத்திரம், 1938ஆம் வருஷத் தேதியுடன், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதற்கு மேல் பேச அந்தப் பட்டறையில் ஆள் கிடையாது.

டிரைவர் ஓஸ்வால்ட் பிம் தன் பங்குக்கு ஒரு சாட்சியைக் கொண்டுவந்தார். அவர் வீட்டுக் கோழி இட்ட முட்டை. வேகவைத்ததை எஞ்சின் தரையில் வைத்தார். அது நிதானமாக இடப்பக்கம் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"பாருங்க சார். முட்டைக்கு யார்மேலயும் விரோதம் கிடையாது" என்றார். பெல்லாமியின் காது சிவந்தது.

பெர்சிக்கு இதில் சொந்த அக்கறை இருந்தது. வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் சரி என்றால் இதேபோல் இன்னும் பத்து எஞ்சின் செய்வார்கள். "அந்தப் பத்துல முதல் எஞ்சினுக்கு நீதான் டிரைவர்" என்று கிரம்ப் வாக்குக் கொடுத்திருந்தார். பதினைந்து வருஷமாகக் கரி அள்ளியவனுக்கு ஒரு ஜன்னல். டிரைவர் தொப்பியை வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்தும் வைத்துவிட்டான். மனைவி ஐவிக்குக்கூடத் தெரியாது.

அதனால் அவனே யோசனை சொன்னான். "அந்தச் சந்துல பழைய இரும்பைக் கொட்டிட்டா என்ன சார்?"

கொட்டினார்கள். தேய்ந்த பிரேக் கட்டைகள், அறுந்த சங்கிலிகள், உடைந்த பட்டறைக்கல் ஒன்று. இரண்டு முள்ளுக்கும் இருந்த வித்தியாசம் மூன்று டன் குறைந்தது. கூடவே பெர்சி வெளியே போகும் வழியும் அடைபட்டது. காற்று வருவதும் அந்தச் சந்து வழியாகத்தான் என்பது மறுநாள்தான் அவனுக்கு உறைத்தது. அன்றிலிருந்து கூரைத் துளை வழியே கயிறு கட்டி இறங்கினான். உள்ளே ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"எப்படிப்பா இருக்கு உள்ளே?" என்று ஓஸ்வால்ட் மேலிருந்து கேட்டார்.

"உங்க முட்டையைக் கொடுங்கண்ணே, இங்கேயே அவிச்சுத் தரேன்."

மீதி ரெண்டு டன்னுக்காகக் கரி முழுவதையும் வலது கோடிக்குத் தள்ளினார்கள். அதனால் பெர்சி இடக்கையால் அள்ளிப் போட வேண்டியதாயிற்று. மூன்று முறை அள்ளினால் ஒன்று அடுப்புக்குள் போயிற்று, மற்ற இரண்டும் அவன் பூட்ஸுக்குள். முள் இன்னும் கொஞ்சம் இடப்பக்கமே நின்றது. கடைசியில் இருநூற்றைம்பது ராத்தல் எடையுள்ள ஓஸ்வால்டை வலது ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

"சிக்னல் எல்லாம் இடப்பக்கம்லய்யா இருக்கு?"

"எட்டிப் பாருங்க. ஆனா உடம்பு இந்தப் பக்கமே இருக்கணும்" என்றார் கிரம்ப்.

வியாழக்கிழமை இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன. முட்டையும் வைத்த இடத்தில் நின்றது. எல்லோரும் அளவாகக் கைதட்டினார்கள். பெல்லாமி மட்டும் காகிதத்தை வெறித்துக்கொண்டு நின்றார். தன் கணக்கு பொய்த்த வருத்தம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அப்போது டீக்கார மிஸஸ் பீபல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மேடை ஓரம் நிறுத்தி, வழக்கம்போல் சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் காலால் தள்ளினாள்.

"சர்க்கரை ரேஷன் தீந்துபோச்சு. முகத்தை அப்படித் தூக்கி வச்சுக்கிட்டா டீ இன்னும் கசக்கும் சார்" என்றாள் பெல்லாமியிடம்.

பட்டறை விவகாரத்தை டீக்காரியிடம் பேசும் வழக்கம் அங்கே இல்லை. அவளும் கேட்காததைச் சொல்லும் ரகம் இல்லை.

வெள்ளிக்கிழமை லண்டன் அதிகாரிகள் மூவர், பின்னால் கோத்த பெட்டியில் ஏறிக் கோப்பையும் கையுமாக உட்கார்ந்தார்கள். பட்டறை வாசலைத் தாண்டிச் சமதளமான பெரிய பாதைக்கு வந்ததும் எஞ்சின் வலப்பக்கம் சாய்ந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. பட்டறைக்கல் சரிந்தது, சங்கிலிகள் சரிந்தன, அதோடு ஓஸ்வால்டும் சரிந்தார். எழுந்து நிற்கலாமென்றால் முட்டை வலப்பக்கம் உருண்டு வந்து காலடியில் அகப்பட்டது. மறுபடியும் விழுந்தார்.

விழுந்த கை, பெர்சிக்குச் சேதி சொல்லும் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது. நடு அறையில் மணி விடாமல் அடித்தது. ஒரு மணி என்றால் இன்னும் நீராவி வேண்டும் என்று அர்த்தம். ஜன்னல் இல்லாத பெர்சி, லண்டன்காரர்கள் வேகத்தை ரசிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான்.

அடுத்த ஸ்டேஷனில் எஞ்சினின் வலது படிக்கட்டு பிளாட்பார விளிம்பை நாற்பது கெஜம் செதுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் பரிசு வாங்கிய ஜெரேனியப் பூந்தொட்டிகள் பதினொன்று போயின. எஞ்சினின் உதறலில் பின்பெட்டியும் ஆடி, மூன்று அதிகாரிகளின் மடியிலும் டீ கவிழ்ந்தது. பிளாட்பாரக் கல்லில் சிக்கித்தான் எஞ்சின் நின்றது.

அவர்களில் மூத்தவர் கால்சட்டையைத் துடைத்துக்கொண்டே, "சுவாரசியமான முயற்சி" என்றார். இங்கிலாந்தில் இதற்குமேல் ஒரு எஞ்சினைத் திட்ட முடியாது.

திங்கட்கிழமை எஞ்சினை உடைக்க உத்தரவு வந்தது. பெர்சி எடை மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தொப்பி பைக்குள்ளேயே கிடந்தது. இனி அதை எப்போது போடப்போகிறானோ தெரியாது. பக்கத்தில் பெல்லாமி வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உன்னை உள்ளே வேகவச்சதுதான் மிச்சம். என் கணக்குல எங்கேயோ தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடு பெர்சி."

"பரவாயில்லை சார். விடுங்க."

மிஸஸ் பீபல் வண்டியை நிறுத்தினாள். மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். வேறு வேலை இல்லாத பெர்சி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டான்.

"தினமும் எதுக்கு அந்தக் கட்டையை வைக்கிறீங்கம்மா?"

அவள் கோப்பையை நிரப்பி நீட்டினாள்.

"போர்ல பக்கத்துல குண்டு விழுந்துச்சே, அன்னிலேர்ந்து இந்த எடை மேடை, தரை எல்லாமே இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் எறங்கிக் கெடக்கு ராசா. கட்டை வைக்கலேன்னா என் வண்டியும் உங்க எஞ்சின் மாதிரிதான் சாயும்."